முழிச்சேன் என்று ஒரு மனிதர் சொன்னார்

1

போன வாரம் ஒரு மாலை, அண்ணா பெண் நளினி இலக்கண நோட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒன்பது வயது. இங்கே பம்பாயில், மாதுங்காவிலேயே பிறந்தவள், கான்வென்டில் படிக்கிறாள். டீச்சர் ஐந்து வினைச்சொற்கள் கொடுத்திருந்தாராம்: வேக், அவேக், வேக்கன், அவேக்கன், ரௌஸ். ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் எழுதி ஒரு வாக்கியம் அமைக்க வேண்டும்.

"அத்தை, எல்லாம் ஒண்ணுதானே? தூக்கத்துலேர்ந்து எழுந்துக்கறது. அதுக்கு எதுக்கு அஞ்சு வேர்ட்?" என்றாள்.

ஒன்றல்ல என்றேன். தானாக விழித்தாலும் வேக், பிறரை எழுப்பினாலும் வேக். விழித்திருக்கும் நிலையைச் சொல்வதற்கு அவேக். உள்ளே கிடக்கும் ஆசையோ பயமோ தலைதூக்கினால் அவேக்கன். வேக்கன் அதற்குத் தம்பி, புத்தகத்துக்கு வெளியே அதிகம் வராது. உலுக்கி எழுப்பினால் ரௌஸ், ஒருவனுக்குக் கோபம் மூட்டினாலும் ரௌஸ். ஆபத்தைத் தாமதமாக உணர்ந்துகொண்டான் என்பதற்கும் வேக் என்றே எழுதலாம். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு 'டு' வர வேண்டும். அந்த 'டு' இல்லாவிட்டால் அவன் வெறுமனே தூங்கி எழுந்தவன்.

நளினி அந்த 'டு'வை மட்டும் அடிக்கோடிட்டுக்கொண்டாள். "நீங்க டீச்சரா போயிருக்கலாம்" என்றாள். அடுத்து, வாக்கியம் சொல்லுங்கள் என்றாள். அம்மாவிடம் கேள் என்று சொல்லி அனுப்பிவிட்டு பால்கனியில் போய் நின்றேன்.

வேக் என்ற அந்தச் சொல்லின் அர்த்தங்களை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. பம்பாய் லேபர் கோர்ட்டில், சாட்சிக் கூண்டில் நின்று படித்தேன். கும்பகோணத்திலிருந்து சொந்தக்காரர்கள் போடும் கடிதங்களில், 'உனக்கென்ன, இங்கிலீஷில் பேசி இங்கிலீஷில் எழுதி சம்பாதிக்கிறாய்' என்று எழுதுகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இங்கிலீஷில் எழுதி நான் என்ன செய்தேன் என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

2

சீனச் சண்டைக்கு மறு வருஷம் செம்பூரில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். அண்ணாவுக்குத் தெரிந்த நாராயணன் மாமா அங்கே ஹெட் கிளார்க். எங்கள் தெருக்காரர், அவர் சொல்லித்தான் வேலை கிடைத்தது. காலையில் மாதுங்காவில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, செம்பூரில் இறங்கிப் பதினைந்து நிமிஷம் நடக்க வேண்டும். ஸ்டேஷன் வாசலிலேயே, பெயின்ட் கரைக்கிற தின்னர் வாசனை வந்துவிடும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், குளித்துவிட்டுச் சமையலறைக்குள் வா என்பாள் மன்னி.

தொழிற்சாலையில் கூலிக்கும் காவலுக்கும் இருந்தவர்களில் பாதிப்பேர் தாராவித் தமிழர்கள். ஆபீஸில் இருந்த நாங்கள் நாலைந்து பேர் மாதுங்காத் தமிழர்கள். இரண்டு தமிழும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளாது. அவர்களில் யாராவது லீவு கேட்கவோ அட்வான்ஸ் கேட்கவோ வந்து 'சொல்லுதேன்', 'வாரேன்' என்று பேசினால், அவர்கள் போனபிறகு எங்கள் மேஜைகளில் அதைத் திருப்பிச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

சுடலைமுத்து தின்னர் டிரம்கள் வைத்திருந்த குடோனுக்குப் பகல் காவலாளி. நாங்குநேரிப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். ஆபீஸில் எல்லோரும் அவரை நீ என்போம், அவர் எங்களை நீங்க என்பார். தாராவியில் மனைவி பேச்சியம்மாளோடும் செல்வி என்ற ஒரே பெண்ணோடும் குடியிருந்தார். பெண் முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது படித்தாள். அவள் பரீட்சைத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஆபீஸுக்கு வரும்போதெல்லாம் யாரிடமாவது காட்டுவார். என்னிடமும் காட்டியிருக்கிறார். கணக்கில் எண்பத்தெட்டு. நல்லது என்று சொல்லிவிட்டு டைப் அடிக்கத் திரும்பினேன்.

ஒரு நாள் மத்தியானம் இரண்டு மணி சுமாருக்கு அந்தக் குடோனில் தீப்பிடித்தது. பாய்லர் அறையின் சுவரை ஒட்டினாற்போல் ஆளுயரத்துக்கு டிரம்களை அடுக்கியிருந்தார்கள். சுடலைமுத்துவும் இரண்டு லோடர்களும் மணல் வாளிகளைக் கொட்டி, தீ அடுத்த கட்டிடத்துக்குப் போகாமல் தடுத்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை. சுடலைமுத்துவுக்கு இடது கை முழங்கைவரை வெந்துபோயிற்று.

மறுநாளைக்கு மறுநாள் பர்சனல் ஆபீசர் என்னைக் கூப்பிட்டு ஒரு சார்ஜ் ஷீட் டிக்டேட் செய்தார். வேலை நேரத்தில் தூங்கிய குற்றம், அதனால் நேர்ந்த நஷ்டம். பெயர் சுடலைமுத்து. மூன்று காப்பி எடுத்தேன். கை வெந்தவருக்கா சார்ஜ் ஷீட் என்று ஒரு கணம் தோன்றியது. தூங்கியிருப்பான் போலிருக்கிறது என்று உடனேயே நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புத்தான் பிறகு நடந்ததற்கெல்லாம் வேர். சார்ஜ் ஷீட்டை அடித்த கைக்கு அதில் உள்ளது உண்மையாகத்தான் தெரியும்.

3

விசாரணை ஒரு சனிக்கிழமை. அரை நாள் ஆபீஸ். பர்சனல் ஆபீசரே விசாரணை அதிகாரி. அவருக்குத் தமிழ் தெரியாது, சுடலைமுத்துவின் உடைந்த இந்தி அவருக்குப் பொறுக்காது. அதனால் தமிழில் சொல்வதை இங்கிலீஷாக்கி அப்படியே டைப் அடிக்க என்னை உட்காரவைத்தார்கள்.

கையில் துணிக்கட்டோடு சுடலைமுத்து நின்றபடியே சொன்னார். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"டப்புன்னு ஒரு சத்தம் கேட்டுச்சும்மா. நான் முழிச்சேன். பொறவு ஓடிப்போயி மணல் வாளிய எடுத்தேன்."

நான் அடித்தேன்: சத்தம் கேட்டு நான் விழித்தெழுந்தேன், பிறகு ஓடினேன். இங்கிலீஷில் ஒரு வரி. வேக் என்ற வினைச்சொல்லோடு ஓர் 'அப்'. சுத்தமான இலக்கணம்.

பர்சனல் ஆபீசர் எட்டிப் பார்த்தார். அந்த வரியை ஒருமுறை வாய்க்குள் படித்தார். பேனாவை மூடிச் சட்டையில் செருகிக்கொண்டார். சுடலைமுத்து மேலே சொல்லிக்கொண்டிருந்தார். சுவரோரத்து டிரம்மில் கசிவு இருந்தது, சூப்பர்வைசரிடம் ரெண்டு தரம் சொல்லியாயிற்று, மானேஜர் சொல்லித்தான் அங்கே அடுக்கியிருக்கிறது என்று பதில் வந்தது, தீ கிளம்பினது அந்த டிரம்மிலிருந்துதான், என் கண்ணால் பார்த்தேன் என்றார். நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். தூங்கிக்கொண்டிருந்தவன் எதையும் பார்த்திருக்க முடியாது, அதெல்லாம் எழுத வேண்டாம் என்றார் அதிகாரி. நான் எழுதவில்லை.

தாளின் அடியில் வழக்கமாக ஒரு வரி உண்டு. 'மேற்கண்டது எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது, சரியென்று ஒப்புக்கொள்கிறேன்.' அதையும் அடித்தேன். வாசித்துக் காட்டவில்லை. மணி ஒன்றாகப் போகிறது, ஒன்று இருபதுக்கு ரயில். சுடலைமுத்து வலது கையால் தமிழில் கையெழுத்துப் போட்டார். மொழிபெயர்ப்பாளர் என்ற இடத்தில் நான் போட்டேன். ரயிலைப் பிடித்துவிட்டேன். குர்லாவில் கொய்யாப்பழம் வாங்கித் தின்றதுகூட நினைவிருக்கிறது.

4

பத்து நாள் கழித்து ஆபீஸ் விட்டு வரும்போது கேட்டுக்கு வெளியே சுடலைமுத்து நின்றுகொண்டிருந்தார். கையில் கம்பெனிக் கடிதம்.

"இங்கிலீசுல இருக்கும்மா. என்ன போட்டிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க."

வாசித்தேன். அவருடைய சொந்த வாக்குமூலப்படியே அவர் தூங்கிக்கொண்டிருந்தது நிரூபணமாகிவிட்டதால் இன்று முதல் டிஸ்மிஸ்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபப்படவில்லை. கணக்குப் புரியாத பையன் போலப் பார்த்தார்.

"நான் தூங்கினேன்னு எப்பம்மா சொன்னேன்?"

"முழிச்சேன்னு சொன்னியே. சத்தம் கேட்டு முழிச்சேன்னு."

"ஆமா, முழிச்சேன். என்ன செய்யன்னு தெரியாம நின்னு முழிச்சேன். நீலமா தீ சுவரோரமா ஓடுது. கை காலு ஓடல. ஒரு நிமிசம் பேந்தப் பேந்த முழிச்சேன். அதத்தானம்மா சொன்னேன்."

வீட்டில் எத்தனை தரம் நானே சொல்லியிருக்கிறேன், 'ஏன் இப்படி திருதிருன்னு முழிக்கறே' என்று. எனக்குத் தெரியாத சொல் அல்ல. திருநெல்வேலித் தமிழ் புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. காது அதைச் சரியாகத்தான் கேட்டது. ஆனால் தூங்கியவன் என்று முன்னமே முடிவு கட்டிவிட்டதால், அதற்குப் பொருந்துகிற அர்த்தத்தை எடுத்துக்கொண்டேன். வாசித்துக் காட்டியிருந்தால் அந்த இடத்திலேயே தெரிந்திருக்கும்.

மறுநாள் நாராயணன் மாமாவிடம் போய்ச் சொன்னேன். திருத்தி ஒரு கடிதம் கொடுக்கிறேன் என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ருக்கு, ஒனக்கு எதுக்கும்மா இந்த வம்பு? மதராஸிகள் வேலையெல்லாம் பிடிச்சுண்டோம்னு இந்த ஊர்க்காரா ஏற்கெனவே முணுமுணுக்கறா. இதுல நீயே உன் தப்பு, கம்பெனி தப்புன்னு எழுதிக் குடுத்தா நம்ம எல்லார் பேரும் கெடும். அவனுக்கென்ன, தாராவில தோல் பட்டறை ஆயிரம் இருக்கு. நாளைக்கே வேற வேலைக்குப் போயிடுவான்."

"அவர் தூங்கலை மாமா."

"எனக்குத் தெரியாதா? அவன் தூங்கற ஆள் இல்லை. தூங்கலேன்னா டிரம்மைப் பத்தி அவன் சொன்னதைக் கேட்டாகணும். கேட்டா மானேஜர் மாட்டிப்பார். புரியறதோ இல்லையோ?"

புரிந்தது. அவருக்கு முதல் நாளே தெரிந்திருந்தது என்பதும் புரிந்தது. அவர் நெற்றியில் விபூதி பளிச்சென்று இருந்தது. டிபன் டப்பாவைத் திறந்து, தயிர் சாதத்தில் மாவடுவைத் தொட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். அந்த மாவடு வாசனை இன்றைக்கும் எனக்கு ஆகாது.

வீட்டிலும் அதே பாட்டுத்தான். அண்ணா இரண்டு நாள் பேசவில்லை. "அவா யாரு, நாம யாரு" என்றாள் மன்னி. நான் யூனியன் ஆபீஸுக்குப் போய்க் கடிதம் கொடுத்தேன். கொடுக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தை மறைத்துவிட்டு எழுதினால் இது இன்னொரு பொய்யாகிவிடும்.

5

கேஸ் கோர்ட்டுக்கு வர ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. அதற்குள் என்னை ஆபீஸிலிருந்து டிஸ்பாட்ச் பிரிவுக்கு மாற்றி, ஜன்னல் இல்லாத மூலையில் ஒரு மேஜை கொடுத்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு யாரும் கூட உட்காரவில்லை. ஒரு வாய்தா நாளில், வராந்தாவில் காத்திருக்கும்போது, செல்வி எப்படிப் படிக்கிறாள் என்று சுடலைமுத்துவைக் கேட்டேன்.

"நிப்பாட்டியாச்சும்மா. அவ அம்மகூட வீட்டு வேலைக்குப் போறா" என்றார். பிறகு, "நல்லாத்தான் படிச்சா" என்று சேர்த்துக்கொண்டார்.

யூனியன் வக்கீல் குல்கர்னி நல்ல மனிதர், சாமர்த்தியசாலி. சாட்சி சொல்வதற்கு முந்தின நாள் எனக்கு ஒரு வழி காட்டினார். அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினார். அந்த வினைச்சொல்லுக்கு 'ஆபத்தை உணர்ந்தேன்' என்றும் அர்த்தம் இருக்கிறது, அந்த அர்த்தத்தில்தான் எழுதினேன் என்று சொல்லிவிடுங்கள், மொழிபெயர்ப்பு தப்பு என்று ஆகாது, உங்கள் வேலைக்கும் ஆபத்தில்லை, அவனும் பிழைத்துக்கொள்வான் என்றார். ராத்திரி முழுக்க அந்த அகராதிப் பக்கத்தை மனப்பாடம் செய்தேன். சொல்லிவிடுவது என்றும் முடிவு செய்தேன்.

கம்பெனி வக்கீலும் அகராதி கொண்டுவந்திருந்தார். நான் ஒப்பித்து முடித்ததும் அதைப் பிரித்தார். ஆபத்தை உணர்ந்தேன் என்ற அர்த்தத்துக்குப் பின்னால் 'டு' வர வேண்டுமே, உங்கள் வாக்கியத்தில் அது எங்கே என்று கேட்டார். நீங்கள் எழுதியிருப்பது 'அப்'. விழித்தெழுந்தேன், பிறகு ஓடினேன். தூங்காதவன் எப்படி விழித்தெழுவான்? கோர்ட்டில் இருந்த குமாஸ்தாகூட தலையாட்டினார்.

கம்பெனி வக்கீல் அடுத்த தாளை எடுத்தார். "தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது என்று இருக்கிறது. உங்கள் கையெழுத்தும் இருக்கிறது. வாசித்துக் காட்டினீர்களா?"

ஆமாம் என்றால் சுடலைமுத்து கேட்டு ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். இல்லை என்றால் பொய்யில் கையெழுத்துப் போட்டவள் நான். நிமிர்ந்து பார்த்தேன். பெஞ்சின் ஓரத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் இங்கிலீஷ் ஒன்றும் புரியாமல், யார் பேசினாலும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை" என்றேன். "வாசித்துக் காட்டவில்லை. மொழிபெயர்ப்பும் தப்பு. அகராதியைப் பற்றி இப்போது சொன்னதும் நேற்றுப் படித்துக்கொண்டு வந்து சொன்னது. அவர் தூங்கினேன் என்று சொல்லவே இல்லை."

குல்கர்னி நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

நீதிபதிக்குத் தமிழ் தெரியாது. சுடலைமுத்து சொன்ன தமிழ்ச் சொல் என்ன என்று கேட்டார். முழிச்சேன் என்றேன். அதற்கு எப்படி இரண்டு அர்த்தம் என்றார். ஒன்று தூக்கம் கலைவது, மற்றொன்று திகைத்துப்போய் நிற்பது என்றேன். திகைத்துப்போய் என்றால் எப்படி என்றார். எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. ஐந்து வருஷம் இங்கிலீஷ் அடித்த விரல்கள், ஒரு சொல் வரவில்லை. கடைசியில் கண்ணை அகல விரித்து, வாயைப் பாதி திறந்து, கூண்டில் நின்று முழித்துக் காட்டினேன்.

கோர்ட் முழுக்கச் சிரித்தது. கம்பெனி வக்கீல் சிரித்தார், குமாஸ்தா சிரித்தார். நாராயணன் மாமா பின் பெஞ்சில் கர்சீப்பால் வாயை மூடிக்கொண்டார். நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏதோ எழுதினார். சுடலைமுத்து மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அப்போதுதான் நாங்கள் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் என்று தெரிந்தது. எழுந்து நின்று, "ஆமாய்யா, அப்படித்தான்" என்று தமிழில் நீதிபதியைப் பார்த்துச் சொன்னார்.

6

டிஸ்மிஸ் செல்லாது, வேலையில் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. யூனியன்காரர்கள் பேடா வாங்கிக் கொடுத்தார்கள். சுடலைமுத்து ஒரு திங்கட்கிழமை காலை பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார். மத்தியானம் என் மூலை மேஜைக்கு வந்து நின்றார்.

"நான் போறேம்மா."

"எங்கே? கேஸ் ஜெயிச்சு இன்னிக்குத்தானே வந்தீங்க."

"டிரம்மு அங்கனயேதான் இருக்கு. அதே சுவரு. வெள்ளையடிச்சிருக்கு, அவ்வளவுதான். என்னைய அது பக்கத்துலயே ஸ்டூலப் போட்டு உக்கார வச்சிருக்கானுவ. அம்பர்நாத்துல தீப்பெட்டி ஆபீசுல ஆள் எடுக்கானாம். நான் அங்க போய்க்கிடுதேன்."

"உங்ககிட்ட நான் மன்னிப்புக் கேட்கணும்" என்றேன். கேட்டுவிட்டால் கொஞ்சம் இறங்கும் என்று நினைத்தேன்.

"நீங்கதானம்மா வந்து சொன்னீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வெந்த கையின் தோல் சுருங்கிப் பளபளவென்று இருந்தது. அவ்வளவு சுலபமாக அவர் விட்டுவிட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

நானும் அந்த மாசமே வேலையை விட்டேன். போகும்முன் டிரம்களைப் பற்றித் தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கு என் பெயர் போட்டு எழுதினேன். இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல் நாள் டிரம்களை உருட்டி வெளியே வைத்தார்களாம். அவர் டீ குடித்துவிட்டுப் போனபிறகு திரும்ப உருட்டி உள்ளே வைத்தார்களாம். நாராயணன் மாமாதான் தெருவில் பார்த்தபோது இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். மானேஜருக்கு வேறு ஊரில் பெரிய பதவி கிடைத்துவிட்டது என்றும் சொன்னார். இப்போது ஃபோர்ட்டில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிறேன். தமிழில் யாராவது ஏதாவது சொன்னால், எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்குவதில்லை. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

இரண்டு மாதம் முன்பு எங்கள் கட்டிடத்தின் மேல் மாடி வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கத் தாராவியிலிருந்து ஒரு அம்மாளும் அவள் பெண்ணும் வர ஆரம்பித்தார்கள். சுத்தமாகத் தேய்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மன்னி மாடிப்படியில் மறித்து எங்கள் வீட்டுக்கும் கேட்டாள். அந்த அம்மாள் கதவில் இருந்த பெயர்ப்பலகையைப் பார்த்தாளாம். அதைப் படிக்கத் தெரியாமல், இது யார் வீடு என்று கேட்டாளாம். மன்னி அண்ணா பெயரைச் சொல்லி, பிறகு என் பெயரையும் சொல்லியிருக்கிறாள்.

"செம்பூர்ல டைப் அடிச்ச அம்மாவா?"

ஆமாம் என்றிருக்கிறாள் மன்னி.

"இந்த வீட்டுக்கு மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போய்விட்டாள்.

"இவாளுக்கெல்லாம் எவ்வளவு திமிர் பாரேன். புருஷனை விட்டுட்டு இருந்தும் அடங்கலை. அவன் அம்பர்நாத்துல தனியா இருக்கானாம், வாரத்துக்கு ஒரு தரம் வரானாம்" என்று மன்னி என்னிடம் பொரிந்தாள். "உனக்குத் தெரிஞ்சவாதானே, நீ கேட்டா வருவா" என்றாள்.

கேட்க மாட்டேன் என்றேன். ஏன் என்றாள். பேச்சியம்மாள் செய்ததுதான் சரி என்றேன். மன்னிக்குப் புரியவில்லை, நானும் விளக்கவில்லை. இந்த விவகாரத்தில் பர்சனல் ஆபீசர், நாராயணன் மாமா, சிரித்த வக்கீல்கள், நான் என்று யாரை நினைத்தாலும் வாயில் கசப்பு ஊறுகிறது. இவள் ஒருத்தியை நினைத்தால்தான் ஊறவில்லை.

தினமும் காலை எட்டே காலுக்கு நான் ஸ்டேஷனுக்குக் கிளம்பும் நேரத்தில் செல்வி படியேறி வருகிறாள். பதினாலு வயது இருக்கும். ஒரு கையில் சாம்பல் டப்பா, ஒரு கையில் தேங்காய் நார். படி குறுகல், இரண்டு பேர் சேர்ந்து போக முடியாது. நான் சுவரோடு ஒண்டி நிற்கிறேன். அவள் என்னைத் தாண்டி மேலே போகிறாள்.